தண்ணீர்விட்டான்

முப்பத்தைந்து நாள் கதிர் பாய்ச்சினார்கள்
என் புருஷன் கழுத்தில்.
கட்டி கரைந்தது.
எச்சிலும் கூடவே போய்விட்டது.

எச்சிலை ஒரு பொருளென்று
அதுவரை யார் நினைத்தது?
பிஸ்கட் நாக்கில் மணலாகக் கிடக்கிறது.
சோறு ஒரு வாய்க்குத் தண்ணீர் இரண்டு வாய்.
ராத்திரி இரண்டு மணிக்கு
அண்ணத்தில் ஒட்டிய நாக்கு
அவரை எழுப்பும், அவர் என்னை எழுப்புவார்,
நான் சொம்பை எழுப்புவேன்.

பத்தொன்பது வருஷம்
நாற்பத்தெட்டாம் நம்பர் பஸ் படியில் தொங்கிய ஆள்.
பத்திரத்தில் சிங்காரவேலு,
டிரைவருக்கு கோ தான் நைங்.
"சூலே சூலே சூலே" என்று அவர் கூவினால்
பகோடாவே ஏறி உட்கார்ந்துவிடும் என்பார்கள்.
இப்போது 'சூ' வருகிறது.
'லே' சொல்ல நாக்கு மேலே தொட்டு
விலக வேண்டும்.
தொடுகிறது.

லத்தா தெருவில் ஆ ஹொக் கடை.
நூறு இழுப்பறை, ஒன்றிலும் பெயர் கிடையாது,
அவர் கைக்குத் தெரியும்.
அள்ளிப் போட்டார் தராசில்:
வற்றிச் சுருங்கிய கிழங்கு, பழந்தேன் நிறம்,
வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது.
பெயர் கேட்டேன்.
பொட்டலத் தாளில் மூன்று எழுத்து எழுதி
பர்மியத்தில் விளக்கினார்:
வானம். வாசல். குளிர்காலம்.

வெளியே சித்திரை வெயில்.
தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
கரண்டு போய் நாலு மணி நேரம்.
நான் குளிர்காலத்தை மோந்து பார்த்தேன்.
மூத்தவன் பிறந்தபோது
எனக்குப் பால் ஊறக் கொடுத்த கிழங்கு,
அதுவே இல்லாவிட்டால் அதன் பங்காளி.
"தண்ணீர்விட்டான்!" என்றேன், என்னையறியாமல்.

அர்த்தம் கேட்டார் ஆ ஹொக்.
தண்ணீர் ஊற்றினவன், என்று சொன்னேன்.
"யார்? யாருக்கு?"
தெரியாது, பேரில் அவ்வளவுதான் இருக்கிறது.
கொஞ்சம் யோசித்து, வாசலுக்கு வெளியே
வழிப்போக்கர்களுக்கு வைத்த இரண்டு பானையைக் காட்டினார்.
உபயம் செய்தவர் பெயர் மழையில் அழிந்து
'ஊ' மட்டும் மிச்சம்.
"அவனா?"
இருக்கலாம், என்றேன்.

விட்டான் என்றால்
விட்டுப்போனான் என்றும் அர்த்தம் உண்டு.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.
குடிக்கட்டும், நான் எதுவும் சத்தியம் பண்ணமாட்டேன் என்றார்.
ஆ ஹொக்கும் பண்ணவில்லை.
கற்கண்டு போட்டு, மூன்று கிளாஸ் ஒன்றாகச் சுண்டும் வரை
கரி அடுப்பில் வைத்தேன்.
குடித்துவிட்டு, "இனிக்குது" என்றார்.
ருசி தெரிந்ததா, என் முகத்துக்காகச் சொன்னாரா,
கேட்கவில்லை.

மழை தொடங்கி வேலைக்குப் போனார்.
கூவுவதற்கு டிரைவரின் மச்சான் பையன்,
காசு மட்டும் இவர் பொறுப்பு.
முதல் நாளே பழக்கத்தில்
கட்டைவிரல் நாக்குக்குப் போய்
உலர்ந்தபடியே திரும்பி வந்ததாம்.
விரலைப் பார்த்தாராம், விரல் அவரைப் பார்த்ததாம்.
பிறகு கஷாயப் பாட்டிலைத் திறந்து
மூடியில் கொஞ்சம் ஊற்றி, தொட்டு,
எண்ணிக் கொடுத்தாராம் சில்லறை.

அன்றிலிருந்து நாற்பத்தெட்டாம் நம்பரில்
நோட்டுகள் ஒன்றையொன்று விடமாட்டேன் என்கின்றன.
டிரைவர் திட்டுகிறார்.
ஒரு பள்ளிக்கூடப் பெண்
ஒன்றுக்கு இரண்டாக ஒட்டிவந்ததைத் திருப்பிக் கொடுத்தாள்.
மற்றவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பெண்கள் இல்லை.

போன வியாழக்கிழமை
மீன்காரி தந்த மிச்சத்தில் ஓர் இருநூறு கியாட் நோட்டு
விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
அங்கேயே நின்று
நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன்.
மீன்காரி பார்த்த பார்வை இருக்கிறதே!

இனித்த மாதிரிதான் இருந்தது.
மீன் கழுவின தண்ணீராகவும் இருக்கலாம்.